இடது பக்கம் இழுத்த வண்டி

2006-ல் வாங்கிய வெள்ளை மாருதி 800. தூத்துக்குடியில் தாழ்வான ஒரு காலனியில், வீட்டு முன் ஷெட்டில், ஆறு மாதமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தது. 2024 மே மாதத்தில் ஒருநாள் பழைய கார் புரோக்கர் ஒருவர் வந்து பார்த்தார். வேறு பேட்டரியில் இருந்து வயர் கொடுத்ததும் என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால், கியர் போட்டு கிளட்ச்சை விட்டால் வண்டி முக்கியதே தவிர நகரவில்லை. இரண்டாவது தடவை என்ஜினே அணைந்துபோனது.

“பின் வீல் ரெண்டும் ஜாம் ஆயிருக்கு சார். ஓடுற வண்டின்னா முப்பத்தஞ்சாயிரம் தரலாம். தூக்கித்தான் கொண்டுபோகணும்னா இருபதுக்கு மேல முடியாது” என்றார் புரோக்கர்.

வீட்டுக்காரருக்கு வயது 68. துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புரோக்கர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் எதுவும் பேசவில்லை. பேசியது, கோயம்புத்தூரில் இருந்து பத்து நாள் லீவில் வந்திருந்த மகள்தான். அவர் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். “பிரேக்கை மட்டும் ரிலீஸ் பண்ணிக் கொடுத்தா முப்பத்தஞ்சு தருவீங்கள்ல?” என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். ஆக, விற்பதற்காகத்தான் அந்த வண்டியின் பிரேக்கைச் சரி செய்ய முடிவானது.

விற்க வேண்டும் என்ற முடிவு அதற்கு முந்தைய தீபாவளியன்றே எடுக்கப்பட்டிருந்தது. அப்பா வண்டியை ஓட்ட, பேரனை மடியில் வைத்துக்கொண்டு மகள் பின்னால் உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. அப்பா பிரேக் போட்டார். வண்டி நிற்பதற்குள் இடது பக்கம் சரிந்து, ஓரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பையனின் மேல் ஒரு சாண் இடைவெளியில் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரியே மகள் தம்பிக்கு போன் போட்டு, “அப்பாவுக்குக் கை நிக்க மாட்டேங்குது. இனிமே ஓட்ட வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். தம்பியும் ஒத்துக்கொண்டார். அம்மா இரண்டு நாள் கழித்து, பக்குவமாக, சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அப்பா “சரி” என்றார். சாவியை சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். ஹேண்ட் பிரேக்கை, எப்போதும் செய்வதுபோல, கடைசிப் பல் வரை இழுத்துவிட்டுத்தான் இறங்கியிருந்தார்.

அடுத்த மாதம் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென் மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இவர்கள் தெருவில் தண்ணீர் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஷெட்டில் காருக்குப் பாதிச் சக்கரம் தண்ணீர். என்ஜினுக்கு ஏறவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மாருதி 800-க்கு 12 அங்குலச் சக்கரம். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றாலே பின் பிரேக் டிரம்மில் பாதி முங்கிவிடும். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிரேக் என்றதும் நமக்குக் காலடியில் இருக்கும் பெடல்தான் ஞாபகம் வரும். பின் சக்கரத்துக்குள் இருப்பதைப் பார்த்தவர்கள் குறைவு. பழைய சின்ன கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் என்பது மூடி கவிழ்த்த இரும்புச் சட்டி மாதிரி. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள், சுற்றாமல் நிற்கும். பெடலை அமுத்தினால் வீல் சிலிண்டருக்குள் பிரேக் ஆயில் அழுத்தம் வந்து, ஷூக்களை விரித்து, டிரம்மின் உள்சுவரில் உரச வைக்கும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் அவற்றைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் போட்டால் ஆயிலுக்கு வேலை இல்லை. ஒரு கம்பி கேபிள் அதே ஷூக்களை நேரடியாக விரித்துப் பிடிக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஷூ டிரம்மோடு ஒட்டி நிற்கிறது. அதற்குள் வெள்ளத் தண்ணீர். வடிந்த பிறகு தூத்துக்குடியின் உப்புக் காற்று. வண்டியை யாரும் தொடவில்லை. டிரம்மில் பூத்த துரு, ஷூவின் லைனிங்கை அப்படியே கவ்விக்கொள்கிறது. உறைக்குள் இருக்கும் கேபிளும் துருவேறி, லிவரை இறக்கினாலும் திரும்பி வராது. வண்டி உருண்டு போய்விடக் கூடாதே என்று இழுத்த ஹேண்ட் பிரேக், வண்டியைக் கட்டிப்போட்டுவிட்டது.

மெக்கானிக்குக்கு அறுபது வயது இருக்கும். பதினெட்டு வருஷமாக இந்த வண்டிக்குக் கை வைப்பவர். வெள்ளத்தில் அவருடைய ஷெட்டில் கம்ப்ரஸர் முங்கி, இன்னும் ரிப்பேருக்குக் கிடந்தது. அதனால் வீட்டுக்கே ஒரு சாக்குப் பையில் சாமான்களைப் போட்டுக்கொண்டு டிவிஎஸ் 50-ல் வந்தார்.

அவர் முதலில் செய்தது, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் அண்டை கொடுத்ததுதான். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தப் போகிறோம் என்றால் வண்டியைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்தினார். பிறகு ஜாக்கி. ஜாக்கிக்குப் பக்கத்திலேயே இரண்டு கனமான மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியின் எடையை அதில் இறக்கினார். “ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்ல பாப்பா” என்றார். வீட்டு வாசலில் தானே டயர் மாற்றுகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டையை வைப்பதில்லை.

கேபிளின் நட்டைத் தளர்த்தியதும் வலது பின் சக்கரம் சுற்றியது. இடது சக்கரம் அசையவில்லை. மரக்கட்டையை வைத்து டிரம்மைச் சுற்றிலும் தட்டினார். ஐந்தாறு இடத்தில் தட்டியபின் ‘டப்’ என்று ஒரு சத்தம். சக்கரம் விட்டுக்கொண்டது.

போனில் தகவல் கேட்ட புரோக்கருக்கு சந்தோஷம். “அவ்வளவுதான் மேடம், அப்படியே மெதுவா ஓட்டிட்டு வரச் சொல்லுங்க” என்றார்.

மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. “உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம நான் ரோட்டுல இறக்க மாட்டேன். அப்படி விட்டுக்கொடுத்த லைனிங், தகட்டை விட்டுப் பேந்திருந்தாலும் பேந்திருக்கும். ஓடும்போது சுருண்டு மாட்டுச்சுன்னா ஒரு வீல் மட்டும் பூட்டிக்கிடும்.” அதைவிட இன்னொன்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. வலது சக்கரம் சுற்றிய விதம். “ஜாம் ஆன பிரேக் கொஞ்சமாவது உரசிக்கிட்டுத்தான் சுத்தணும். இது வழுக்கிக்கிட்டு சுத்துது” என்றார்.

டிரம்மைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும் இடம். நடுவில் உள்ள கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, நட்டின் பூட்டை நிமிர்த்திக் கழற்றி, புல்லர் மாட்டி இழுக்க வேண்டும். பல வருஷம் ஓடிய டிரம்மின் உள்விளிம்பில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு இருக்கும். ஷூ அதில் முட்டிக்கொண்டு வர மறுக்கும். அவசரப்பட்டு விளிம்பில் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு விள்ளல் விட்டுவிடும். அவர் புல்லரைக் கொஞ்சம் முறுக்குவார், மரக்கட்டையால் தட்டுவார், பீடி பற்ற வைப்பார், மறுபடி முறுக்குவார். இடது டிரம் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது.

வந்ததும், வாயைக் குவித்து உள்ளே இருந்த தூசியை ஊதப் போனார். மகள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். “ஊதாதீங்கண்ணே! பழைய லைனிங்ல கல்நார் இருக்கும். அது நுரையீரலுக்குப் போனா இருபது, முப்பது வருஷம் கழிச்சுக்கூட நோயாக் காட்டும்.” எல்லா லைனிங்கிலும் கல்நார் இருக்கும் என்றில்லை. ஆனால், எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீரை ஊற்றி நனைத்து, பழைய துணியால் துடைத்து, துணியை ஒரு கவரில் கட்டிப் போடுவதுதான் சரி. “நாப்பது வருஷமா ஊதிட்டு இருக்கேன்” என்று மெக்கானிக் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. உள்ளே போய் தன் பையில் இருந்து ஒரு முகக்கவசம் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் போட்டுக்கொண்டார், பீடி மட்டும் நின்றது.

இடது பக்கத்தில் எதிர்பார்த்ததுதான் இருந்தது. செங்காவி நிறத்தில் துரு, ஒரு ஷூவில் லைனிங் ஓரம் பெயர்ந்திருந்தது. வலது டிரம்மைத் திறந்தபோதுதான் மெக்கானிக் மௌனமானார். உள்ளே துரு குறைவு. எல்லாமே கறுப்பாக, பிசுபிசு என்று, எண்ணெயில் ஊறிய சேறு மாதிரி இருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் நீக்கினார். அங்கிருந்து பிரேக் ஆயில் ஒழுகியது.

“அண்ணாச்சி, இது வெள்ளத்துல வந்ததில்ல. ரொம்ப நாளா கசிஞ்சிருக்கு. நீங்க ஆயில் ஊத்திட்டு இருந்தீங்களோ?”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துபோய் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், துணியில் சுற்றி, பாதி காலியான பிரேக் ஆயில் பாட்டில். “ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் குறையும். ஊத்திக்கிடுவேன்.”

“பிரேக் போட்டா வண்டி எந்தப் பக்கம் போகும்?”

“லேசா இடது பக்கம் இழுக்கும். நான் ஸ்டியரிங்கை வலது பக்கமா கொஞ்சம் பிடிச்சுக்கிடுவேன். பழகிப்போச்சு.”

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. வலது ஷூ எண்ணெயில் ஊறியதால் பிடிக்கவில்லை. இடது ஷூ பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்யும். சாதாரணமாக ஓட்டும்போது கையால் சமாளித்துவிடலாம். திடீரென்று ஓங்கி அமுத்தினால் சமாளிக்க முடியாது.

மகள் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்போல இருந்துப்பா?” என்று கேட்டார்.

“ஒரு வருஷம் இருக்கும்.”

“தீபாவளிக்கு முன்னாடியேவா?”

“ஆமா.”

“அன்னைக்கு ஏன் சொல்லலை? உங்களுக்குத்தான் கை நிக்கலைன்னு நாங்க நெனச்சோம்.”

“சொன்னா வண்டியை வித்துருவீங்க” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லாமலும் விக்கத்தான் போறீங்க” என்றும் சொன்னார்.

இருவரிடமும் நியாயம் இருந்தது, இருவரிடமும் தவறும் இருந்தது. வயதானவர் ஓட்டும் வண்டி தடுமாறினால் வீட்டில் எல்லோருடைய கண்ணும் ஓட்டுகிறவரின் கையைத்தான் பார்க்கும். டயரையோ பிரேக்கையோ பார்க்காது. ஆனால், ஆயில் குறைகிறது என்று தெரிந்தும் ஒரு வருஷம் ஊற்றி ஊற்றி ஓட்டியது சின்ன விஷயம் அல்ல. பிரேக் ஆயில் அடைபட்ட குழாய்க்குள் இருப்பது. லைனிங் தேயத் தேய அதன் மட்டம் மெல்ல இறங்குவது இயல்பு. ஊற்றிய பிறகும் திரும்பத் திரும்பக் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அன்றைக்கு சைக்கிள் பையன் ஒரு சாண் தள்ளி நின்றது அவனுடைய நல்ல நேரம். மகள் இதையும் சொல்லாமல் விடவில்லை. அப்பா தலையை ஆட்டினார்.

சாமான் வாங்க மகளே மெக்கானிக்கோடு போனார். ஷூ இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் மறுபடி இழுக்கும். வீல் சிலிண்டரும் இரண்டு. ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்பிரிங் செட், டாட் 3 பிரேக் ஆயில் புது டின். பழைய பாட்டிலை ஊற்ற வேண்டாம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்தத் தரம் 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவி சேரும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. சிலிண்டர் உள்ளே துருப்பிடிப்பதும் இந்த ஈரத்தால்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். என்ஜின் ஆயிலை மாற்றும் அக்கறையில் கால் பங்குகூட இதற்கு யாரும் காட்டுவதில்லை.

டிரம் இரண்டையும் லேத்தில் கொடுத்து லேசாகக் கடைந்து வாங்கினார்கள். எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது, கூலி தனி.

மறுநாள் காலை பூட்டும் வேலை. ஸ்பிரிங்குகளை மாட்டுவது பார்க்க எளிது, கையில் எகிறினால் ரத்தம் வரும். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்ற குழப்பம் வராமல் இருக்க, முந்தின நாளே கழற்றும்முன் மகள் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். மெக்கானிக்குக்கு அது தேவைப்படவில்லை. வீட்டில் தானே செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ரப்பர் பாகங்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது, ஊதிப்போகும் என்பதால் பிரேக் ஆயிலாலேயே துடைத்தார்.

கடைசியில் ஏர் எடுக்க வேண்டும். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. இதற்கு இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுத்த, ஒருவர் சக்கரத்துப் பக்கம் நிப்பிளைத் திறந்து மூட. மெக்கானிக் சாக்குப் பையில் இருந்து ஒரு டியூபை எடுத்து நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் விட்டார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளுக்கோஸ் ஏற்றும் டியூப். “இதுல முட்டை தெரிஞ்சா நாங்க பதறுவோம்ண்ணே” என்றார். “இங்க முட்டை வரணும், வந்து நிக்கணும்” என்றார் மெக்கானிக்.

சீட்டில் யார்? அப்பாவைக் கேட்காமலேயே அப்பா ஏறி உட்கார்ந்தார்.

“அமுத்துங்க அண்ணாச்சி... பிடிங்க... பிடிச்சுக்கோங்க... விடுங்க.”

நிப்பிள் திறந்திருக்கும்போது காலை விட்டுவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து அறுபது எழுபது தடவையாவது அமுத்தியிருப்பார். மே மாத வெயில். ஷெட்டின் தகரம் கொதித்தது. மகள் டியூபைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். ஒரு தடவைகூட மெக்கானிக் ‘விடுங்க’ என்று சொல்லும் முன் பெடல் மேலே வரவில்லை. சொன்னபிறகு தாமதமாகவும் வரவில்லை. முட்டை முட்டையாக வந்த ஆயில், பிறகு ஊசி முனை அளவுக் குமிழ்களாகி, கடைசியில் தெளிந்த கம்பி மாதிரி வந்தது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வண்டியை வெளியே எடுத்தார்கள். அப்பா 2021-லேயே 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்திருந்தார், இன்சூரன்ஸும் வண்டி நின்ற மாதங்களில் விடாமல் கட்டியிருந்தார். அவர் ஓட்ட, பக்கத்தில் மகள், பின்னால் மெக்கானிக். அதற்கு முன்பே சில பேச்சுகள் முடிந்திருந்தன: ராத்திரியில் ஓட்டக் கூடாது, இந்த வாரமே கண் பரிசோதனை, பேரனை ஏற்றுவது அதற்குப் பிறகு. அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றார். புரோக்கருக்கு மகளே போன் செய்து, இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருந்தார்.

துறைமுகம் போகும் வழியில், உப்பளங்களை ஒட்டி ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடத்தில் மெக்கானிக் சொன்னார்: “புது ஷூ, படிய கொஞ்ச நாள் ஆகும். இப்பவே ரொம்பப் பிடிக்காது. பின்னால வண்டி வருதான்னு பார்த்துட்டு, முப்பதுல போயி ஒரு தடவை நல்லா அமுத்துங்க.”

அப்பா அமுத்தினார். வண்டி வலது பக்கம் ஒதுங்கி நின்றது.

“என்னய்யா, இப்போ வலது பக்கம் இழுக்குது?”

“வண்டி இழுக்கல அண்ணாச்சி. நீங்க இழுக்கீங்க.”

அப்பா தன் கைகளைப் பார்த்தார். ஒரு வருஷமாக, பிரேக்கில் கால் போகும்போதெல்லாம் கை தானாகவே வலது பக்கம் போய்ப் பழகியிருந்தது.

“ஸ்டியரிங்கை ரெண்டு விரல்ல மட்டும் பிடிச்சுக்கோங்கப்பா” என்றார் மகள்.

இரண்டாவது தடவையும் கொஞ்சம் வலது பக்கம் போனது. மூன்றாவது தடவை குறைந்தது. நாலாவது தடவை நேராக நின்றது. இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஓரமாக நிறுத்தச் சொன்னார் மெக்கானிக். இறங்கி, இரண்டு பின் சக்கரங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் ஷூ இன்னும் உரசுகிறது என்று அர்த்தம். “நீயும் தொட்டுப் பாரு பாப்பா” என்றார். இரண்டும் ஒரே சூடுதான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி ஷெட்டில் வண்டியை விட்டதும், அப்பாவின் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. பாதி இழுத்தவர் நிறுத்தி, இறக்கிவிட்டு, முதல் கியரில் போட்டார். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க, மெக்கானிக் விட்டுப்போன கருங்கல்லை மகள் தள்ளிக்கொண்டு வந்தார்.